மூச்சு ஓட்டை

காரைக்குடி வெயிலுக்கு ஆம்ப் தாங்காது. கார்களுக்குப் பாட்டுச் செட் மாட்டும் கடையைத் திறந்த முதல் சித்திரையிலேயே ஞானசேகர் அதைத் தெரிந்துகொண்டார். நடுப்பகலில் தெருவில் நின்ற காரின் டிக்கிக்குள் கையை விட்டால் இட்லிக் கொப்பரைக்குள் விட்ட மாதிரி இருக்கும். உள்ளே திருகி வைத்திருக்கும் ஆம்ப்ளிஃபயர் நாலு பாட்டுக்குள் சூடேறித் தானாகவே அணைந்துவிடும். இடிபோல் அதிரும் பெரிய ஸ்பீக்கரான ஊஃபர் ஊமையாகிவிடும். மற்ற கடைக்காரர்கள், "கொஞ்ச நேரம் ஆறப்போடுங்க, தானா வந்துரும்" என்று சொல்லி அனுப்பினார்கள். மாப்பிள்ளை அழைப்பு தெருமுனை திரும்புகிற நேரத்தில் பாட்டு நின்றுபோனால் யார் ஆறப்போடுவது?

பல நாள் மண்டையை உடைத்துக்கொண்டு ஞானசேகர் ஒரு வழி கண்டார். டிக்கியின் தரைத் தகட்டில், ஆம்ப் உட்காரும் இடத்துக்கு நேர் கீழே, இரண்டு அங்குல அகலத்தில் இரண்டு ஓட்டைகள். எலி ஏறாமலிருக்க இரும்பு வலை, தூசிக்கு ஒரு துண்டு பஞ்சு. வலைக்கு மேலே, பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய சின்ன விசிறி. பாட்டு ஓட ஆரம்பித்தால் விசிறியும் ஓடும். வண்டிக்கு அடியில் கிடக்கும் நிழல்காற்றை உறிஞ்சி ஆம்ப்பின் மேல் ஊதும். அதற்குப் பிறகு ஞானசேகர் மாட்டிய ஆம்ப் எந்த வெயிலிலும் நின்றதில்லை. வாடிக்கையாளர்கள் அதற்கு மூச்சு ஓட்டை என்று பேர் வைத்தார்கள். "அண்ணே, மூச்சு ஓட்டை போட்டுத்தான் தரணும்" என்று கேட்டு வாங்கினார்கள்.

பதினோரு வருடத்தில் அந்த ஓட்டையைக் குறை சொல்லி ஒரு வண்டியும் திரும்பி வரவில்லை. அந்தப் பக்கத்தில் ஊஃபர் வைப்பது வண்டிக்குள் உட்கார்ந்து கேட்பதற்கு அல்ல, தெரு கேட்பதற்கு. கல்யாணமோ கிடாவெட்டோ, டிக்கியைத் தூக்கி நிறுத்தி, நாலு கதவையும் திறந்துபோட்டுத்தான் பாட்டுப் போடுவார்கள். கண்ணாடியை ஏற்றிவிட்டு, எஞ்சினை ஓடவிட்டு, நின்ற வண்டிக்குள் அடைந்து கிடக்க இந்த ஊரில் யாருக்கும் அவசியம் வந்ததில்லை. ஒரே ஒருவர் மட்டும், தூரப் பயணத்தில் பின்சீட்டில் உட்காரும் பையனுக்குத் தலைவலி வருகிறது என்றார். "பேஸைக் குறைச்சு வைங்க" என்று ஞானசேகர் சொல்லி அனுப்பினார்.

பள்ளத்தூர் முத்துக்கண்ணனின் வண்டிக்கு மூச்சு ஓட்டை போட்டது டிசம்பர் நடுவில். ஏழு பேர் உட்காரும் பழைய பெட்ரோல் வண்டி. வாடகைக்கு ஓட்டுகிறவன், ஆடி மாதத்தில்தான் யாரிடமோ வாங்கியிருந்தான். ஓட்டை போட வண்டிக்கு அடியில் படுத்தபோது, சைலன்சர் குழாயின் இணைப்பு ஒன்று விட்டுப்போய், சுற்றிலும் கரி அப்பியிருப்பதை ஞானசேகர் பார்த்தார். ஓட்டை விழப்போகும் இடத்துக்கு ஒன்றரைச் சாண் கீழே.

"இத வெல்டிங் வச்சிரு தம்பி. சத்தம் வேற கேக்குது பாரு."

"அதான் நீங்க ஊஃபர் மாட்டுறீகளே, அந்தச் சத்தம் எங்க கேக்கப் போகுது?" என்று முத்துக்கண்ணன் சிரித்தான். "பொங்கலுக்கு முன்னால வச்சிருவேண்ணே."

ஞானசேகரும் சிரித்துவிட்டு, டிரில்லை வைத்து அமுக்கினார்.

*

கிறிஸ்துமஸ் முடிந்த ஞாயிறு. அமராவதிபுதூரில் காலை ஏழு மணிப் பூசைக்கு முதல் மணி இன்னும் அடிக்கவில்லை. ஞானசேகர் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. ஆறு இருபது.

"அண்ணே, தூங்குறீகளா?"

"பூசைக்குக் கிளம்பிக்கிட்டு இருக்கேன். சொல்லு முத்துக்கண்ணு. என்ன, பல்லு தந்தியடிக்குது?"

"அடிக்காம? கொடைக்கானல்ல இருக்கோம்ண்ணே. பாப்பாவுக்கு அரையாண்டு லீவுன்னு கூட்டிட்டு வந்தேன். வாயத் தொறந்தா பீடி குடிச்சாப்புல புகையா வருது. அது கெடக்கட்டும், ஊஃபர் செத்துப்போச்சுண்ணே."

"செத்துப்போச்சா? என்ன செய்யுது?"

"ஒண்ணுஞ் செய்யல, அதாண்ணே சொல்றேன். பாட்டு வருது, இடி வரல. தகர டப்பாவத் தட்டுனாப்புல கேக்குது. இதுக்குத்தான் டிக்கியில பை வைக்க எடமில்லாம வந்தோமான்னு ஒங்க தங்கச்சி சிரிக்கிறா."

தங்கச்சி என்றது அவன் மனைவி சத்தியப்பிரியாவை. பின்னால் அவள் ஏதோ சொல்வதும், மகள் ரேணுகா சிணுங்குவதும் கேட்டன. எட்டு வயதுப் பிள்ளை.

"சத்தத்தக் கூட்டுனியா?"

"இப்பத்தான் கூட்டிப் பாக்கலாம்னு..."

"தொடாத! கைய எடு மொதல்ல."

அவர் குரல் உயர்ந்ததில் அடுப்படியிலிருந்து மனைவி சூசைமேரி எட்டிப் பார்த்தாள். ஞானசேகருக்கு இந்த நோய் தெரியும். போன வருடம் ஒருவர் ஊட்டிக்குப் போய், பேஸ் வரவில்லையென்று சத்தத்தைக் கூட்டிக் கூட்டி, உள்ளே இருக்கும் கம்பிச்சுருளை எரித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். அதற்குப் பிறகு ஞானசேகர் வீடியோக்களைத் தேடிப் பார்த்துப் படித்துவைத்திருந்தார். இந்த வெயிலில் இளகிக் கிடக்கும் ஊஃபரின் ரப்பர் விளிம்பும், அடியில் பிடித்திருக்கும் துணி வளையமும் கடுங்குளிரில் இறுகிவிடும். கூம்பு முன்னும் பின்னும் அசைய முடியாது. அசையாததை அடித்து நகர்த்தினால் சுருள் சூடாகிக் கருகும்.

"அதுவும் மனுசன் மாதிரிதான்ப்பா. குளிர்ல சுருண்டு படுத்திருக்கிறவன எழுப்பி ஓடுன்னா ஓடுவானா? மொதல்ல ஒடம்பு சூடாகணும். வண்டி எங்க நிக்குது?"

"லாட்ஜ்ல ஒரு தகர ஷெட்டு இருக்குண்ணே, அதுக்குள்ள. முன்னால படுதா தொங்குது."

"ரொம்ப நல்லதாப் போச்சு. எஞ்சினப் போடு. ஹீட்டரத் தட்டிவிடு. கண்ணாடி எல்லாத்தையும் ஏத்திரு. பாட்டு மெதுவா ஓடிக்கிட்டே இருக்கட்டும், நிப்பாட்டாத. அரை மணி நேரம் போனா ரப்பர் எளகிரும், அப்பறம் பாரு அடிய."

"படுதா?"

"எறக்கிவிட்ரு. சூடு வெளிய போகாதுல்ல."

"எங்களுக்கும் அதுதான் வேணும். ரூமுக்குள்ள ஐசு மாதிரி இருக்குண்ணே. வெளிச்சம் வந்தாத்தான் மலையப் பாக்கப் போகணும். அதுவரைக்கும் மூணு பேரும் வண்டிக்குள்ளயே குளிர் காயிறோம்." பிறகு உள்பக்கம் திரும்பி, "பாப்பா, போர்வைய இழுத்து மூடு" என்றான்.

எஞ்சின் உறுமி எழுவதை ஞானசேகர் போனில் கேட்டார். கதவுகள் சாத்தப்பட்டன. ஒன்று, இரண்டு, மூன்று.

"வைக்கிறேண்ணே. நல்லா இருப்பீக."

*

சூசைமேரி சேலைக்கு ஊக்குக் குத்திக்கொண்டே வந்தாள். பள்ளத்தூரில் ஒரு பள்ளியில் அறிவியல் டீச்சர் அவள். சத்தியப்பிரியாவும் அதே பள்ளியில் அலுவலகத்தில் இருக்கிறாள்.

"யாரு, நம்ம பிரியா வீட்டுக்காரரா? என்னமோ பெரிய டாக்டர் மாதிரி வைத்தியம் சொன்னீக?"

"வைத்தியந்தான். நான் மட்டும் எடுக்கலன்னா இந்நேரம் ஊஃபர் காயிலக் கருக்கியிருப்பான்." அவர் தேய்த்த சட்டையை மாட்டிக்கொண்டே விவரம் சொன்னார். சொல்லச் சொல்ல அவருக்கே தன்மேல் மரியாதை கூடியது.

"ஊஃபருக்கு ஒத்தடமா?" என்று அவள் சிரித்தாள். "அதுசரி, மூடுன ஷெட்டுக்குள்ள எஞ்சின் ஓடுனா புகை அங்கயேதான சுத்தும்?"

"சுத்தட்டுமே. அவங்கதான் கண்ணாடிய ஏத்திட்டு உள்ள இருக்காங்களே."

"வண்டிக்குள்ள வராதா?"

"எப்படி மேரி வரும்? டிக்கி, கதவு எல்லாத்துக்கும் சுத்தி ரப்பர் இருக்கு. தரை பூராவும் தகடு. கீழ இருந்து உள்ள வரணும்னா தகட்டுல ஓட்டை..."

மூன்றாவது பொத்தானில் அவர் கை நின்றது.

"என்னங்க?"

அவர் கண்முன் அந்த வண்டியின் அடிப்பாகம் வந்தது. கரி அப்பிய குழாய். அதற்கு ஒன்றரைச் சாண் மேலே வெள்ளியாக மின்னிய இரண்டு புது வட்டங்கள். பாட்டு ஓடும்வரை ஓடும் விசிறி. நிப்பாட்டாதே என்று அவரே சொல்லியிருந்தார். அது இப்போது உறிஞ்சிக்கொண்டிருக்கும், நிழல்காற்றை அல்ல.

"ஓட்டை இருக்கு" என்றார்.  "நான் போட்டிருக்கேன்."

சூசைமேரிக்கு மூச்சு ஓட்டை தெரியும்.  பத்தாம் வகுப்புக்கு வருடாவருடம் நடத்துகிற பாடம் அது, கார்பன் மோனாக்சைடு: நிறமில்லை, மணமில்லை, தூக்கம் வருவதுபோல வரும். "எத்தன மணிக்கு எஞ்சினப் போட்டாங்க?" என்று மட்டும் கேட்டாள்.

சுவர்க்கடிகாரத்தில் ஆறு நாற்பது.

அவர் முத்துக்கண்ணனை அழைத்தார். மணி போனது. போய்க்கொண்டே இருந்தது. அவன் போனைக் காரின் செட்டோடு இணைத்துக்கொடுத்தவரே அவர்தான். அழைப்பு வந்தால் பாட்டு நின்று, மணி ஸ்பீக்கரில் ஒலிக்கும். அவர் மாட்டிய நாலு ஸ்பீக்கரும் இப்போது அந்த மூன்று பேரின் காதருகே அலறிக்கொண்டிருக்க வேண்டும். யாரும் எடுக்கவில்லை. மறுபடி அழைத்தார். மறுபடியும் முழு மணியும் அடித்து ஓய்ந்தது.

"பிரியாவும் எடுக்க மாட்டேங்குறா" என்றாள் சூசைமேரி. "நூத்தியெட்டுக்குப் போடுங்க."

"எந்த லாட்ஜுன்னு சொல்றது? கொடைக்கானல்ல ஆயிரம் லாட்ஜு இருக்கு மேரி!"

அவள் வாட்ஸ்அப்பைத் திறந்தாள். நேற்று மாலை சத்தியப்பிரியா ஸ்டேட்டஸ் வைத்திருந்தாள். வண்டியின் பின்பக்கம் ரேணுகா குல்லாய் போட்டுக்கொண்டு நிற்கிறாள். தூக்கிய டிக்கிக்குள் கறுப்புப் பெட்டியில் ஊஃபர் வட்டமாக உட்கார்ந்திருக்கிறது. பின்னால் லாட்ஜின் சுவர். பெயர்ப்பலகையின் மேற்பாதி படத்தில் விழவில்லை. கீழ்ப்பாதியில், 'வெந்நீர் வசதி உண்டு' என்ற வரியும் அதற்கடியில் ஒரு செல் நம்பரும். ஒன்பது எண்கள் தெரிந்தன. பத்தாவதைத் தூக்கி நிறுத்திய டிக்கிக் கதவு மறைத்திருந்தது.

"கடைசி நம்பர் பத்துல ஒண்ணுதான். நான் ஒம்போதுல இருந்து கீழ வாரேன், நீங்க சைபர்ல இருந்து மேல போங்க."

ஞானசேகர் சைபரைப் போட்டார். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. ஒன்றைப் போட்டார். ஒரு கிழவர் எடுத்தார்.

"ஐயா, இது லாட்ஜுங்களா? கொடைக்கானல்..."

"ஞாயித்துக்கெழம காலங்காத்தால லாட்ஜா கேக்குற? ஒனக்கெல்லாம் அம்மா, அக்கா..."

துண்டித்தார். இரண்டு உபயோகத்தில் இல்லை.  மூன்றில் ஒரு பெண் "ஹலோ, ஹலோ" என்று கத்திக்கொண்டே இருந்தாள், இவர் பேசுவது அவளுக்குக் கேட்கவில்லை. அமராவதிபுதூர் கோயிலில் முதல் மணி அடித்தது.

"இருக்கு!" என்றாள் சூசைமேரி. அவள் ஆறைப் போட்டிருந்தாள். "லாட்ஜுதான். பேசுங்க."

"சார், ஒங்க ஷெட்டுல பள்ளத்தூர் வண்டி நிக்குதா? ஏழு சீட்டு, வெள்ளை வண்டி?"

"நிக்குது" என்றது லாட்ஜ் மேனேஜரின் தூக்கக் குரல். "நீங்க யாருங்க?"

"ஓடிப் போய்ப் பாருங்க சார். கதவத் தொறந்து அவங்கள வெளிய இழுங்க. படுதாவக் கிழிச்சு விடுங்க. உள்ள புகை."

"புகையெல்லாம் ஒண்ணும் இல்லீங்களே. அவங்க பாட்டுக் கேட்டுட்டு இருக்காங்க. கொஞ்ச நேரத்துக்கு முன்னாடி வரைக்கும் சத்தமே இல்ல. இப்பத்தான் நல்லா இடிக்குது. எங்க ஜன்னலே அதிருது."

ரப்பர் இளகிவிட்டது. சொன்னபடியே, அரை மணி நேரத்தில்.

"எடுபட்ட பயலே, ஓடுடா!" என்று ஞானசேகர் கத்தினார். இருபத்திரண்டு வருடக் குடும்பத்தில் சூசைமேரி அவர் வாயில் அப்படி ஒரு வார்த்தையைக் கேட்டதில்லை. "மூணு உசுரு உள்ள சாகுது, ஓடு!"

அந்த மேனேஜர் நல்லவனாக இருந்தான். போனை வைக்காமலே ஓடினான். செருப்புச் சத்தம், மூச்சிரைப்பு, பிறகு படுதாவின் கயிறு அறுபடும் சத்தம். பாட்டு பெரிதாகிக்கொண்டே வந்தது. ஞானசேகருக்கு அந்த இடி நன்றாகத் தெரிந்தது, தன் கையால் அளவு வைத்த இடி. கண்ணாடியை யாரோ தட்டினார்கள். "சார்! சார்!" மறுபடி தட்டினார்கள். கதவு திறந்தது. மேனேஜர் இருமினான். "ஐயோ" என்றான். "தண்டபாணி! இங்க வாடா! பாப்பாவப் பிடி, பாப்பாவ மொதல்ல பிடி!"

போன் எங்கோ விழுந்தது. பாட்டு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அதுவும் இல்லை. இணைப்பு அறுந்துவிட்டது.

*

அவர்கள் பூசைக்குப் போகவில்லை. இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். மேஜைமேல் போன். ஒலிபெருக்கியில் பங்குச் சாமியாரின் பிரசங்கம் தெருவழியாக வந்துகொண்டிருந்தது. மூன்றாவது பொத்தானுக்குக் கீழே சட்டை இன்னும் திறந்தே கிடந்தது. மேனேஜர் நம்பருக்கு அவர் நாலு முறை போட்டார். ஒருமுறை யாரோ எடுத்து, "ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கு" என்று சொல்லி வைத்துவிட்டார்கள்.

"மூணு பேரையுமான்னு கேட்டீகளா?" என்றாள் சூசைமேரி.

"கேக்கல."

ஏன் கேட்கவில்லை என்று அவள் கேட்கவில்லை.

எட்டேகாலுக்கு முத்துக்கண்ணன் நம்பர் வந்தது. ஞானசேகர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். சூசைமேரிதான் விரலை வைத்துத் திறந்து, சத்தமாகக் கேட்கும்படி வைத்தாள்.

"அண்ணே." தொண்டை கட்டிய குரல். "இருக்கோம்ண்ணே. மூணு பேரும் இருக்கோம்."

ஞானசேகர் நெற்றியை மேஜையில் வைத்துக்கொண்டார்.

"பாப்பாவுக்குத்தான் முடியல. மூக்குல மாஸ்க் மாட்டியிருக்காக. கண்ணத் தொறந்துட்டா, ஆனா யாருன்னு கேட்டா முழிக்கிறா. சரியாயிரும்ங்குறாரு டாக்டரு. ஒங்க தங்கச்சி வாந்தி எடுத்துக்கிட்டே இருக்கா. எனக்கு மண்ட பொளக்குது." நிறுத்தி மூச்சு வாங்கினான். "எப்படிண்ணே தெரிஞ்சுச்சு? காரைக்குடில இருந்து ஒருத்தர் படுதாவக் கிழின்னு கத்துனாருன்னு மேனேஜர் சொன்னாரு. நீங்கதான்னு புரிஞ்சிருச்சு. இன்னும் கால் மணி போயிருந்தா ஒண்ணும் செஞ்சிருக்க முடியாதாம். எங்க குலசாமிதான் ஒங்க வாயில வந்து உக்காந்துச்சுண்ணே."

"தம்பி..."

"சைலன்சர்தாண்ணே காரணம். டாக்டரே கேட்டாரு, வண்டியில புகை ஒழுகுதான்னு. நீங்க அன்னைக்கே படிச்சுப் படிச்சுச் சொன்னீக. கேட்டேனா? பொங்கலுக்குப் பாத்துக்கிறலாம்னேன். எம் புள்ளைய நானே கொல்லப் பாத்தேனேண்ணே." அவன் அழுதான். பெரிய ஆள் அழுகிற அழுகை, மூக்கும் தொண்டையுமாக.

தப்பிக்க ஒரு வழி, கேட்காமலே வந்து நின்றது. பழியை அவனே எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டான். நன்றியையும் சேர்த்துக் கொடுத்தான். ஞானசேகர் பேசாமல் இருந்தாலே போதும். பொங்கலுக்குள் வண்டி கடைக்கு வரும்போது சத்தமில்லாமல் ஓட்டையை அடைத்துவிடலாம். சூசைமேரி அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். 

"சாயங்காலம் விட்டுருவாங்களாம்" என்றான் முத்துக்கண்ணன். "இந்தக் குளிரே வேணாம்ண்ணே, இன்னைக்கே மலைய விட்டு எறங்குறோம். பாப்பா கெடந்து நடுங்குறா. கண்ணாடிய ஏத்திக்கிட்டு, லேசாப் பாட்டப் போட்டுவிட்டா மடியில படுத்துத் தூங்கிருவா. சைலன்சர ஊருக்கு வந்து பாத்துக்கிறேன். ஓடுற வண்டியில புகை பின்னாலதான போகும்?"

ஞானசேகர் நிமிர்ந்தார்.

"அந்த வண்டியில ஏறாத."

"என்னண்ணே?"

"சொல்றதக் கேளு. டிக்கியில ஆம்ப்புக்கு அடியில ரெண்டு ஓட்டை இருக்கு. நான் போட்டது. மூச்சு ஓட்டைன்னு சொல்லுவீகளே, அதுதான். ஒடஞ்ச சைலன்சர் அதுக்கு நேர் கீழ இருக்கு. பாத்துக்கிட்டேதான் போட்டேன். பாட்டு ஓடுற வரைக்கும் அந்த விசிறி புகைய இழுத்து உள்ள ஊதும். வண்டி நின்னாலும் ஊதும், ஓடுனாலும் ஊதும். குலசாமியும் இல்ல ஒண்ணும் இல்ல. எஞ்சினப் போடச் சொன்னது நான். படுதாவ எறக்கச் சொன்னது நான்."

 மறுமுனையில் ஏதோ ஒரு கருவி சீராகக் கூவிக்கொண்டிருந்தது. யாரோ ஒரு நர்ஸ் யார் பெயரையோ கூப்பிட்டாள்.

"வண்டிய அங்கயே போடு. பஸ்ஸுல வா, இல்ல வேற கார் பிடி. நான் வந்து வண்டிய எடுத்துக்கிட்டு வாரேன். கேக்குதா முத்துக்கண்ணு?"

"பாப்பா கூப்புடுறா" என்றான் முத்துக்கண்ணன்.

போன் வைக்கப்பட்டது. அவன் அண்ணே என்று சொல்லவில்லை.

சூசைமேரி எழுந்துபோய் ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அவர் குடிக்கிறவரை காத்திருந்தாள்.

"வேற எத்தன வண்டியில இருக்கு?"

"பதினோரு வருசம் மேரி" என்றார் ஞானசேகர்.

*

ஞாயிற்றுக்கிழமை கடை திறக்கிற வழக்கமில்லை. ஷட்டரைப் பாதி தூக்கி உள்ளே நுழைந்து, ஓட்டைகளை அடைக்க அலுமினியத் தகட்டில் கை கடுக்கும்வரை வட்டங்களை வெட்டினார். வெட்டிக்கொண்டே போன் போட்டார். சிலர் எடுக்கவில்லை. சிலர் அவர் ஏதோ புதுச் சாமான் விற்கப் பார்க்கிறார் என்று நினைத்தார்கள். ஒருவர், "கொடைக்கானலுக்குப் போறப்ப சொல்றேண்ணே, அப்ப அடைச்சுக்கிறலாம்" என்றார். சொல்லி முடித்தவுடன் எல்லோருக்கும் ஒரே சிரிப்பு: இந்த வெயிலில் கண்ணாடியை ஏற்றினால் நாங்களே வெந்துவிடுவோம்.

போனில் ஆகாது என்று தெரிந்தபின், தகடுகளையும் டிரில்லையும் பையில் போட்டுக்கொண்டு கொத்தமங்கலத்துக்கு ஸ்கூட்டரை விட்டார். அங்கே கோட்டைச்சாமி என்று ஒரு வேன்காரர். போன தைக்கு அவர் வேனில் இரண்டு ஊஃபர், இரண்டு ஆம்ப், நாலு மூச்சு ஓட்டை. பெரிய வேலை.

வேன் வாசலிலேயே நின்றது. கோட்டைச்சாமி கழுவிக்கொண்டிருந்தார்.

"வாங்கண்ணே, இங்குட்டு நிழலுக்கு வாங்க. ஞாயித்துக்கெழமையும் அதுவுமா?"

ஞானசேகர் நின்றபடியே சொன்னார். கொடைக்கானலைச் சொன்னார், ஷெட்டைச் சொன்னார், எட்டு வயதுப் பிள்ளையைச் சொன்னார். கோட்டைச்சாமி உச்சுக்கொட்டிக் கேட்டார்.

"பாவந்தான். ஆனா அங்க குளிருண்ணே. இங்க நமக்கு என்ன வந்துச்சு?"

"இந்த வண்டிய எதுக்கு ஓட்டுறீக? எங்கெங்க போகுது?"

"ஒங்களுக்குத் தெரியாததா? கல்யாணம், காச்சி. தைப்பூசத்துக்குப் பழனி. அடுத்த மாசம் பாதயாத்திரைக்குப் பின்னால போகணும்ல, அதுக்குத்தான் இப்பவே கழுவுறேன். அரிசி மூட்டை, பாத்திரம், பாட்டு எல்லாம் நம்ம வண்டிதான்."

"ராத்திரி?"

"ராத்திரிதாண்ணே முக்கியம். நடக்குறவங்க பாட்டக் கேட்டுத்தான் நடப்பாக. எங்க தங்குனாலும் விடிய விடிய ஓடும். பாட்டு ஓடுனா பேட்டரி எறங்கிரும்னு எஞ்சினையும் அணைக்கிறதில்ல. அன்னதானத்துக்குப் போற எடத்துல கூட ஆம்ப் நின்னதில்லண்ணே, ஒங்க புண்ணியம்."

"வண்டிக்குள்ள யாரு இருப்பா?"

"நடக்க முடியாத பொம்பளைக இருப்பாக. கைக்கொழந்தக்காரிக. நத்தம் மலைப்பக்கம் போயிட்டா தைப்பனி கொட்டும்ல, கண்ணாடியெல்லாம் ஏத்தி, பெட்சீட்டு வச்சு அடைச்சுப்புட்டு உள்ள தூங்குவாக." சொல்லிவிட்டு அவரே ஒரு கணம் நிறுத்தினார். பிறகு தலையை உதறினார். "போன வருசம் போயிட்டு வந்தோமே, ஒண்ணும் ஆகலையே. ரெண்டு மூணு புள்ளைகளுக்கு வாந்தி வந்துச்சு, அது சாப்பாடு சேரல."

ஞானசேகர் வேனின் பின்கதவைத் திறந்தார். ஆம்ப்பைப் பிடித்திருந்த முதல் திருகைக் கழற்றினார். கோட்டைச்சாமி ஈரக் கையோடு வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தார். முரட்டுப் பிடி இல்லை. சொந்தக்காரனைத் தடுக்கிற மாதிரியான பிடி.

"விடுங்கண்ணே. பழனி போயிட்டு வந்துரட்டும், அப்பறம் பாத்துக்கிறலாம். நடுவழியில ஆம்ப் நின்னா என் மானம் போயிரும்."

"காசு வேணாம். நானே புதுசா வேற வழி பண்ணித் தாரேன். அதுவரைக்கும் அடைச்சிருவோம்."

"அடைச்சுட்டுத்தான் போங்களேன்." கோட்டைச்சாமி கையை விட்டார். குரலில் கோபம்கூட இல்லை. "சாயங்காலமே தொறந்துக்கிறேன். இப்ப காரைக்குடில எந்தக் கடைக்குப் போனாலும் இந்த ஓட்டையப் போட்டுத் தாராக. தேவகோட்டைலயும் போடுறாக. எல்லாம் ஒங்ககிட்டப் பாத்துப் படிச்சவங்கதானண்ணே?"

அவர் குழாயைத் திருகி, வேனின் மேல் தண்ணீரைப் பீய்ச்சினார்.  ஞானசேகர் குனிந்து இரண்டாவது திருகைக் கழற்றத் தொடங்கினார்.